ஐம்பத்தொரு நிமிடம்

கபடிக்குக் கீழே பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். கோ-கோவுக்குப் பதினெட்டு. கேரம் போர்டுக்கு இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காக எழுதி வைத்திருந்தார்கள். கடைசித் தலைப்பு, சைக்கிள் சாலைப் பந்தயம், பெண்கள், இருபது கிலோமீட்டர். அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

அக்டோபர் மாதம், மதிய இடைவேளை. கல்லூரி விளையாட்டு அறைக் கதவில் ஒட்டியிருந்த அந்தத் தாளின் முன்னால் சாப்பாட்டு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். அதுவரை சைக்கிள் என்றால் எனக்கு டியூஷனுக்கும் ரேஷன் கடைக்கும் போகிற ஒன்று, அவ்வளவுதான். ஆனால் இருபது என்ற எண்ணைப் பார்த்ததும் தலைக்குள் ஒரு கணக்கு ஓடியது. எங்கள் வீடு நாகமலை புதுக்கோட்டையில். அங்கிருந்து தேனி ரோட்டில் மேற்கே போனால் செக்கானூரணி பத்து கிலோமீட்டர். போக பத்து, வர பத்து. பந்தயத் தூரம் எங்கள் வாசலிலேயே கிடக்கிறது, இத்தனை நாள் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். பேனாவை எடுத்து என் பெயரை எழுதினேன். பெயர் காய்வதற்குள் கால் பரபரத்தது.

ஒரு வாரம் கழித்து உடற்கல்வி மேடம் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ ஒருத்திதாம்மா எழுதியிருக்க."

"மத்தவங்களும் எழுதுவாங்கன்னு நெனச்சேன் மேடம்."

"யாரு எழுதுவா? கறுத்துப் போயிருவோம்னு த்ரோபாலே வெயில் சாஞ்சப்புறந்தான் ஆடுறாளுக." மேடம் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஒருத்திக்காக ஒரு நாள் முழுக்க நான் கூட வரணும். ஐம்பது நிமிஷத்துக்குள்ள ஓட்டுவேன்னா சொல்லு, பேரைக் குடுக்குறேன்."

"ஓட்டிக் காட்டுறேன் மேடம்."

"அந்தக் கோடியில வந்து யாரு பாக்குறது? உங்க அப்பாவக் கைக்கடிகாரத்தப் பாக்கச் சொல்லு. இந்த ஃபாரத்துல நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னாடி வேணும்."

அப்பா ஓர் அலுவலகத்தில் எழுத்தர். இரவு சாப்பாட்டின்போது ஃபாரத்தை இரண்டு பக்கமும் படித்தார், பின்பக்கம் வெறுமையாக இருந்தும். பிறகு, "நீ சொன்னாச் சரிதான். ஐம்பதுக்குள்ள வந்த அன்னிக்கு நேரத்தைச் சொல்லு, போட்டுத் தர்றேன்" என்றார். ஒரே ஒரு நிபந்தனை, அது ஏற்கெனவே இருந்ததுதான். ஏழு மணிக்கு வீட்டில் குடும்ப ஜெபம். அதற்குள் முகம் கழுவி உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதல் நாள் அறுபத்து மூன்று நிமிடம் ஆனது. திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்தபோது கால்கள் என்னுடையவையாக இல்லை. அறுபத்து மூன்றிலிருந்து ஐம்பதுக்கு எப்படிப் போவது என்று உடனே நோட்டில் எழுத ஆரம்பித்தேன். வாரத்துக்கு இரண்டு நிமிடம் என்று போட்டால் டிசம்பருக்குள் வந்துவிடும். எழுதும்போது எவ்வளவு எளிது.

மறுநாளே முக்கு சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். என்னுடையது சாதாரண லேடீஸ் சைக்கிள், கியர் கிடையாது. பந்தயத்துக்கும் கியர் இல்லாத சைக்கிள்தான் என்று விதி.

"அண்ணே, இதுல எதெல்லாம் கழட்டலாம்?"

"கழட்டுனா எல்லாத்தையும் கழட்டலாம் பாப்பா. அப்புறம் நீ நடந்துதான் போகணும்."

கூடையைக் கழற்றினார். கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் வரிசையாகத் தரையில் விழுந்தன. சைக்கிள் ரோமம் மழித்த ஆடு மாதிரி நின்றது.

"டைனமோவையும் எடுத்துருங்கண்ணே."

"அது மட்டும் மாட்டேன். இருட்டுல எவனாவது அடிச்சுப் போட்டா உங்கப்பா என் கடைக்குத்தான் வருவாரு."

டைனமோ முன் ஃபோர்க்கில் ஒரு சின்னக் குப்பி போலத் தொங்கும். கையால் தட்டிவிட்டால் சாய்ந்து டயரில் உரசும். டயர் அதைச் சுற்ற, விளக்கு எரியும். எவ்வளவு வேகமோ அவ்வளவு வெளிச்சம். நின்றால் இருட்டு. உரசும்போது சைக்கிளை யாரோ பின்னாலிருந்து லேசாகப் பிடித்து இழுப்பது போலிருக்கும்.

அந்த ரோட்டை அந்த மாதங்களில் நான் மனப்பாடம் செய்தேன். போகும்போது கிழக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும், ஆனால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். எனக்குக் கண் கூசினால் என் பின்னால் வரும் லாரிக்காரருக்கும் கூசும், அவருக்கு நான் தெரியவே மாட்டேன் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது, ஒரு பஸ் என் முழங்கையைத் தொடாத குறையாக உரசிப்போன பிறகு. அதிலிருந்து அந்த நேரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறத்தை விட்டு வெளியே வருவதில்லை. திரும்பும்போது காற்று எதிரில். முன்னால் நீளும் என் நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஒரு கட்டத்தில் காணாமல் போய்விடும். எதிரே வரும் லாரியின் விளக்கைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அது போன பிறகு பத்து வினாடி குருடு. இடது ஓரத்தையே பார்க்க வேண்டும். எதிரில் இரண்டு வண்டி ஒன்றை ஒன்று முந்தினால் யோசிக்காமல் மண்ணில் இறங்கிவிட வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித்தர யாரும் இல்லை.

செக்கானூரணி முனையில் ஒரு டீக்கடை. அதன் எதிரே இறங்காமல் அப்படியே வளைந்து திரும்புவேன். ஒருநாள் பெஞ்சில் இருந்தவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"இந்தப் புள்ள தினமும் எங்க வருது?"

"இங்க வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகுது."

"எதுக்கு?"

"திரும்பிப் போறதுக்குத்தான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கல்லூரியில் பக்கத்து பெஞ்சுக்காரியிடம் சொன்னேன். "சைக்கிள்ல செக்கானூரணி வரைக்குமா? அங்க யாரு இருக்கா?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் படம் வரையப் போய்விட்டாள்.

நவம்பரில் மழையோடு இருட்டும் சீக்கிரமே வந்துவிட்டது. மேகம் இருக்கும் நாளில் ஐந்தே முக்காலுக்கே நாகமலை ஒரே கறுப்புச் சுவராகிவிடும். சாதாரண நாட்களில் ஐந்து மணிக்குக் கிளம்பி வெளிச்சத்தோடு திரும்பிவிடலாம். திங்களும் புதனும் லேப். வீடு வந்து சேரவே ஐந்தரை தாண்டும். பாதி வழியில் டைனமோவைத் தட்டிவிட வேண்டியிருக்கும். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு, ஐம்பத்து நான்கு என்று இறங்கிக்கொண்டு வந்தது டிசம்பரில் அங்கேயே நின்றுவிட்டது. நான் பௌதிகம் படிக்கிறவள். விளக்கு எரியும் சக்தி வேறு எங்கிருந்தும் வரவில்லை, என் காலிலிருந்துதான் போகிறது என்று எனக்குத் தெரியாதா? ஒரு புதன்கிழமை டைனமோவைத் தட்டாமல் வந்து பார்த்தேன். ஐம்பத்திரண்டு. அடுத்த திங்கள் ஐம்பத்தொன்றரை. வீட்டுத் தெருவுக்கு நூறு அடி முன்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைவேன்.

இருட்டில் விளக்கில்லாமல் போவது முதலில் பயமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது, அதுதான் மோசம். செயின் சத்தமும் மூச்சுச் சத்தமும் மட்டும் கூட வரும். தூரத்து வீடுகளில் ஒன்றிரண்டு பல்பு. அந்த வீடுகளுக்குள் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றும்.

டிசம்பரின் முதல் வாரத்தில், செக்கானூரணிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், ரோட்டின் இடது பாதியில் உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். வருகிற போகிற வண்டி ஏறி ஏறி நெற்று உடையும், சாயங்காலம் செடியை உதறிவிட்டு உளுந்தைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவார்கள். பரப்பின் ஓரங்களில் தலை அளவு கற்களை வரிசையாக வைத்திருப்பார்கள். நான் அதைச் சுற்றி நடு ரோட்டுக்குப் போனேன். தார்ப்பாயில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து கத்தினார்.

"ஏ ஆத்தா, எதுக்குச் சுத்திப் போற? ஏறிப் போ. நடுவுல போயி லாரிக்காரனுக்கு வேலை வைக்காத."

ஏறிப் போனேன். மணலில் ஓட்டுவது போலிருந்தது. தொடை எரிந்தது. இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும் என்று அன்றிலிருந்து தினமும் அதன்மேலேயே போனேன்.

"ஒன் சைக்கிளுக்கு அம்புட்டு உளுந்து உடையுது பாரு," என்பார் அந்த அம்மா. "நாளைக்கும் வா. கூலி மட்டும் கேட்டுறாத."

நாள் முழுதும் யாரோடும் பேசாத நாட்களில் அந்த ஒரு வரிதான் எனக்கு வாய்த்த பேச்சு. பதிலுக்கு நான், "வாரேன்" என்பேன்.

கெடுவுக்குப் பத்து நாள் இருந்த புதன்கிழமை. லேப் முடிந்து தாமதம். போகும்போதே மங்கல், இடது பாதி காலியாக இருந்ததால் அன்றைக்கு அள்ளியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது எதிர்ப்பாதையில் அந்த இடத்தைத் தாண்டப் போகிறேன், பரப்பு எப்போதும் மறுபக்கத்தில்தானே என்று குனிந்து மிதித்தேன். வாட்சை ஒருமுறை பார்த்திருந்தேன். ஐம்பதுக்குள் வந்துவிடும் போலிருந்தது. ஆனால் அன்று அவர்கள் புதிதாகப் பிடுங்கிய செடியை நான் திரும்பி வரும் பக்கத்தில் பரப்பி, அள்ளி முடித்திருந்தார்கள். செடி இல்லை, உளுந்து இல்லை. கற்கள் மட்டும் இருந்தன.

முன் சக்கரம் ஏறியது தெரிந்தது. அதற்கடுத்து நான் தார்மேல் உட்கார்ந்திருந்தேன். முழங்காலில் சூடாக ஏதோ வழிந்தது. அந்த அம்மா சாக்கோடு ஓடி வந்தார். முதலில் என் கை காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். எல்லாம் அசைகிறது என்று தெரிந்ததும் திட்ட ஆரம்பித்தார்.

"லைட்டப் போட்டு வாரதுக்கென்ன? அது என்ன அழகுக்கா மாட்டியிருக்கு?" என்றவர், உடனே, "கல்ல உருட்டி விட்டுட்டுத்தான் அள்ளியிருக்கணும். எம் மேலதான் தப்பு" என்றார். பிறகு மறுபடி, "லைட்டு இருந்தா கல்லு தெரிஞ்சிருக்கும்ல."

சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது. அவரே நடு ரோட்டில் நின்று ஒரு பஸ்ஸை மறித்தார். கண்டக்டர் சைக்கிளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஏத்துய்யா மேல. ஒம் புள்ளையா இருந்தா விட்டுட்டுப் போயிருவியா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலம்மா."

"ஆகும், ஏத்து."

வீட்டுக்குள் நுழையும்போது ஏழே கால். அப்பாவும் அம்மாவும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வேதாகமம் மூடியபடி நடுவில் இருந்தது. அம்மா முழங்காலைப் பார்த்து மஞ்சள் எடுக்க ஓடினார். ரோட்டில் கல் கிடந்தது, தெரியவில்லை என்றேன்.

"லைட் எரிஞ்சுச்சா?" என்றார் அப்பா.

"எரிஞ்சுச்சுப்பா."

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. டைனமோ டயரைத் தொடாமல் தூக்கியபடியே இருக்கிறது. விழுந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து, அன்றைய பகுதியை வாசித்தார். ஜெபத்தில் என் உயிரைக் காத்ததற்காக நன்றி சொன்னார்.

காலையில் காபி குடிக்கும்போது, "அந்த ஃபாரத்தை நீ நேரம் சொல்லி நான் போடுறதா இல்ல. நான் பாத்து எழுதுறேன். வர்ற சனிக்கிழமைக்கு அடுத்தது, காலையில" என்றார். "சாயங்காலம் இனிமே வேண்டாம்."

அதற்கப்புறம் வீட்டில் யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சைக்கிள் கடை அண்ணன் ஸ்போக்கெல்லாம் மாற்றிக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். ஒன்பது நாள் சைக்கிள் வாசல் திண்ணையில் சாய்ந்து நிற்க, நான் முழங்காலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அப்பா அலுவலகத்துக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கள் ஊர்க் கிலோமீட்டர் கல்லின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். வாட்சைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "போ," என்றார். நல்ல வெளிச்சம். உளுந்து பரப்பிய இடம் சுத்தமாக இருந்தது, அந்த அம்மா இல்லை. திரும்பும்போது கடைசி மூன்று கிலோமீட்டர் காற்று எதிரில் சுவர் மாதிரி நின்றது. முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் ஒருமுறை கூப்பிட்டது. கல்லைத் தாண்டி விழாமல் இறங்கினேன்.

"ஐம்பத்தொன்னு," என்றார் அப்பா.

மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒரு நிமிஷந்தானப்பா" என்றேன்.

"ஆமா."

"மேடத்துக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

ஃபாரத்தை மடியில் வைத்து எழுதினார். எண்ணில் 51. அடைப்புக்குள் எழுத்தில், அலுவலகத்தில் தொகை எழுதுகிற பழக்கத்தில், ஐம்பத்தொரு நிமிடங்கள் மட்டும். கீழே கையெழுத்து, தேதி. என்னால் அவரைக் கோபிக்க முடியவில்லை. அவர் சொன்னதைச் செய்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடிய ஒரு காலம் இருந்தது. அதை நான்தான் ஒரு புதன்கிழமை ஒரே வார்த்தையில் செலவழித்துவிட்டேன்.

மேடம் அந்த "மட்டும்" என்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "உங்கப்பா நல்ல மனுஷன்மா. அடுத்த வருஷம் பாப்போம்."

பொங்கல் முடிந்து அந்தப் பந்தயம் நடந்தது. எங்கே என்றால், எங்கள் ரோட்டிலேயேதான். பந்தயத்தை நடத்தும் பல்கலைக்கழகம் அங்கே இருப்பதால் ஒவ்வொரு வருடமும் அங்கேதான் நடக்குமாம், அதுகூட எனக்குத் தெரியாது. சைக்கிள் இல்லாமல் போய்ப் புளியமரத்தடியில் நின்றேன். எந்த இடத்தில் குழி, எந்த இடத்தில் காற்று திரும்பும் என்று எனக்குத் தெரிந்த ரோட்டில் தெரியாத பதினோரு பெண்கள் வந்தார்கள்.

அவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக, முன்னால் போகிறவளின் பின் சக்கரத்துக்கும் அடுத்தவளின் முன் சக்கரத்துக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டு ஒட்டிக்கொண்டு வந்தார்கள். முதலில் இருந்தவள் குனிந்து காற்றை வாங்கிக்கொண்டாள். பின்னால் இருந்தவர்கள் பாதி மிதித்தாலே போதுமாக இருந்தது. சற்று நேரத்தில் அவள் ஒதுங்கிக் கடைசிக்குப் போனாள், அடுத்தவள் முன்னால் வந்தாள். அந்தக் கிழக்குக் காற்றை அவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அத்தனை மாதமும் முழுக் காற்றையும் நான் ஒருத்தியாக வாங்கிக்கொண்டிருந்தேன். நோட்டு நிறைய எழுதிய என் கணக்கு எதிலும் இது வரவில்லை. தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு இது தெரிய வழியே இல்லை.

வெகுநேரம் கழித்துக் கடைசியாக ஒருத்தி வந்தாள். அவளுக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லை. முடிவுக் கோட்டைத் தாண்டிப் புளியமரத்தடிக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் நேரத்தை ஒருவர் உரக்கப் படித்தார். ஐம்பத்தாறு. நான் என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"கூட்டத்துல இருக்குற வரைக்கும் யாரோ இழுத்துட்டுப் போற மாதிரி இருந்துச்சுக்கா," என்றாள். "ஒரு மேட்டுல விட்டுட்டேன். விட்டா அம்புட்டுத்தான்."

"எந்த ஊரு?"

"திருமங்கலம். அங்கன யாரும் ஓட்ட மாட்டாங்க. எங்கண்ணன் வருவான், ரெண்டு கிலோமீட்டர்ல டீ குடிக்க நின்னுருவான்."

திருமங்கலத்திலிருந்தும் செக்கானூரணிக்கு ஒரு ரோடு வருகிறது. மறுபடியும் தலைக்குள் கணக்கு ஓடியது. சேர்ந்து ஓட்டலாமா என்று கேட்டுவிட்டேன். சனிக்கிழமை மூன்று மணி, டீக்கடைக்கு எதிரே. அவள் யோசித்தாள்.

"வீட்டுல கேக்கணும். எங்க வீட்டுல போன் இல்ல. பக்கத்து வீட்டு நம்பர் குடுத்தா அவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

"அப்ப முடிஞ்சா வா."

"வாரேன். வரலைன்னா ரொம்ப நேரம் நிக்காதீங்க."

அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. மூன்று மணி, வெயில் நேரம், ஐந்தரைக்குள் வீடு என்று ஒன்று விடாமல் சொன்னேன். "சரி," என்றார். அந்தப் பெண் யார் என்று கேட்கவில்லை.

இதை எழுதும் இன்று வியாழக்கிழமை. இன்னொரு சைக்கிளுக்குப் பின்னால் ஒரு முழத்தில் நான் ஓட்டியதே இல்லை, பிரேக் பிடித்தால் எங்கே போவேன் என்று தெரியாது. அதனால் மூன்று முழத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் ஐந்நூறு மீட்டர் நான் முன்னால், அடுத்த ஐந்நூறு அவள். முன்னால் இருப்பவள் குழியைக் கண்டால் இடது கையைத் தாழ்த்திக் காட்ட வேண்டும், பேசக் கூடாது, மூச்சு வீண். காற்று கிழக்கிலிருந்து வந்தால் நாகமலை பக்கமாகவே ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பங்கு போட ஒன்றும் இருக்காது. அவள் வராவிட்டால் நான்கு மணி வரை நிற்பதாக இருக்கிறேன்.